வைத்த மாத்திரை காலையில் துணுக்காக வெளியே வந்தால்

இன்னொரு மாத்திரை வைக்க வேண்டாம். பூஞ்சைத் தொற்றுக்கான 500 மி.கி. கிளோட்ரிமசோல் மாத்திரையை இரவில் பிறப்புறுப்புக்குள் வைத்தீர்கள், காலையில் உள்ளாடையில் சுண்ணாம்புத்தூள் மாதிரி வெள்ளைத் துணுக்குகள் என்கிறீர்கள். அது கரைந்த மாத்திரையின் மிச்சம். மாத்திரை முழுசாக அப்படியே விழுந்திருந்தால் மட்டும் மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

இப்படித் துணுக்காக வருவதற்குப் பெரும்பாலும் காரணம், மாத்திரை வாசலிலேயே நின்றுவிடுவது. அது கரைய உள்ளே இருக்கும் ஈரம்தான் வேண்டும்; வாசல் பக்கம் அது போதாது. அடுத்த முறை படுக்கப் போகும்போது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, வலிக்காத அளவுக்கு எவ்வளவு ஆழம் போகுமோ அவ்வளவு ஆழத்தில் வையுங்கள். பிறகு எழுந்து நடக்காதீர்கள். கசிவுக்கு நாப்கின் போதும். டாம்பான் வேண்டாம், மருந்தை உறிஞ்சிவிடும். மாதவிடாய் நாட்களில் வைத்தாலும் கழுவிக்கொண்டு போய்விடும்.

வேலை செய்கிறதா என்பதைத் துணுக்கை வைத்துப் பார்க்காதீர்கள், அரிப்பை வைத்துப் பாருங்கள். 3 நாளில் குறையத் தொடங்க வேண்டும், 7 நாளில் அடங்க வேண்டும். ஒரே மாத்திரைதானே, மறுநாளே சரியாகிவிடும் என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு.

இந்த மருந்து லேட்டக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கும். கர்ப்பமாக இருந்தாலோ, இந்தத் தொற்று வருவது இதுதான் முதல் தடவை என்றாலோ, மீன் வாடை, காய்ச்சல், அடிவயிற்று வலி இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். 6 மாதத்தில் இரண்டு தடவைக்கு மேல் வந்தால் சர்க்கரையையும் பரிசோதித்துவிடுங்கள்.