முட்டை ஓட்டில் டீசலா, அதை நம்பி எம்.எஸ்சி. சேர்க்கலாமா?

அம்மா, சுட்ட முட்டை ஓட்டைப் போட்டுத் தாவர எண்ணெயிலிருந்து பயோடீசல் செய்கிறாள் மகள், இதை நம்பி அவளை எம்.எஸ்சி. சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த ப்ராஜெக்ட் விளையாட்டுக் காரியம் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முட்டை ஓட்டில் ஏறக்குறைய 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். சிப்பியும் கிளிஞ்சலும் அதே சரக்குதான். 800, 900 டிகிரியில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிட்டு கால்சியம் ஆக்சைடு மிஞ்சும், அதாவது சுட்ட சுண்ணாம்பு. தாவர எண்ணெயோடு மெத்தனாலையும் இந்தச் சுண்ணாம்பில் கொஞ்சத்தையும் சேர்த்து 60, 65 டிகிரியில் சில மணி நேரம் கலக்கினால் மேலே பயோடீசல், கீழே கிளிசரின். சுண்ணாம்பு இதில் வினையூக்கி, அதாவது தான் செலவாகாமல் வேதிவினையை வேகப்படுத்தும் பொருள். வழக்கமாக இதற்குப் போடும் சோடியம் ஹைட்ராக்சைடு வேகமானது, மலிவானது. ஆனால் கரைந்துவிடும், அப்புறம் டீசலைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், அந்தக் கழிவு நீரை என்ன செய்வது என்று தனித் தலைவலி. சுண்ணாம்பு திடப்பொருள் என்பதால் வடிகட்டி எடுத்துத் திரும்பவும் போடலாம். ஆய்வாளர்களுக்கு இதன் மேல் இருக்கும் ஆசைக்கு இதுதான் காரணம்.

"இதுக்கு எவன் வேலை குடுப்பான்" என்று கேட்டீர்களே, நேராகவே சொல்கிறேன், ஓட்டுச் சுண்ணாம்பு வினையூக்கிக்கென்று ஆள் எடுப்பவர்கள் இருந்தாலும் மிகக் குறைவு. பெரிய பயோடீசல் ஆலைகளில் பெரும்பாலும் சோடியம் மெத்தாக்சைடு என்ற வினையூக்கிதான் ஓடுகிறது, முட்டை ஓடு இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது. அதனால் அவள் பயோடீசல் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு மேல்படிப்பைத் தேர்ந்தெடுத்தால் எனக்குச் சம்மதம் இல்லை. வினையூக்கவியல், அதாவது வினையூக்கிகளைப் பற்றிய படிப்பு என்று பிடித்தால் தாராளமாகச் சம்மதம், ஏனென்றால் சுத்திகரிப்பு ஆலை, உரம், மருந்து, பிளாஸ்டிக் என்று எங்கே போனாலும் வினையூக்கி இல்லாமல் வேலை நடக்காது.

அவளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அந்தச் சுண்ணாம்பை நான்காவது தடவை போடும்போது விளைச்சல் குறைந்தால் ஏன் குறைந்தது என்று சொல்ல முடியுமா? கால்சியம் கொஞ்சம் கொஞ்சமாக மெத்தனாலில் கரைந்து போயிருக்கலாம். காற்றிலிருக்கும் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொண்டு மேற்பரப்பு மந்தமாகியிருக்கலாம். பொரித்த எண்ணெயை எடுத்திருந்தால் அதிலுள்ள கட்டற்ற கொழுப்பு அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்து சோப்பாகியிருக்கும். கரைந்த கால்சியம் டீசலுக்குள் வந்துவிட்டால் அதுவும் வம்பு, ஐரோப்பியத் தரமான இஎன் 14214-ன்படி கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்தே கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, எஸ்டர், அதாவது எண்ணெய் மாறிக் கிடைத்த பயோடீசல் சரக்கு, குறைந்தது 96.5 சதவீதம் இருக்க வேண்டும். நேர்காணலில் "98 சதவீத விளைச்சல் வந்தது சார்" என்று சொல்லும் பிள்ளையைவிட, எங்கே கெட்டுப்போனது, அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்லும் பிள்ளையைத்தான் நான் எடுப்பேன்.

இன்னொன்று, கழிவுப்பொருள் என்றாலே பசுமை என்று எழுதிவிடுகிறார்கள். 100 கிராம் கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் 56 கிராம் சுண்ணாம்பு, மீதி 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு, உலைக்குக் கொடுக்கும் சூடு தனி. இந்தக் கணக்கை அவளே அறிக்கையில் போட்டிருந்தால் எனக்கு நிரம்பச் சந்தோஷம்.

படிப்பு விஷயத்தில், சுண்ணாம்பின் மேற்பரப்பில் என்ன நடக்கிறது என்று குடைபவள் என்றால் எம்.எஸ்சி. வேதியியல், பிறகு முனைவர் பட்டம், இது நீண்ட வழி, பொறுமை வேண்டும். அரை லிட்டரில் வந்தது 1,000 லிட்டரில் வருமா என்று கேட்பவள் என்றால் வேதிப் பொறியியல் பக்கம் போகிற வழியைப் பாருங்கள். சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்ற நிலை இருந்தால் கலவையில் என்னென்ன எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃபி, எக்ஸ் கதிரால் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி இரண்டையும் இந்த ப்ராஜெக்டிலேயே கையால் தொட்டுப் பழகட்டும், மாதிரியை வெளியே அனுப்பி அறிக்கை வாங்குவதோடு நிற்க வேண்டாம். தரக் கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் அந்தக் கைப்பழக்கத்துக்கு மதிப்பு உண்டு.

வேலையைவிட நீங்கள் கவலைப்பட வேண்டியது மெத்தனாலைப் பற்றி. உள்ளே போனால் கண் பார்வையே போகலாம், ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். கல்லூரி ஆய்வகத்தில் ஆவியை வெளியே இழுக்கும் புகைபோக்கிப் பெட்டிக்குள்தான் செய்ய வேண்டும், வீட்டில் செய்து பார்க்கிறேன் என்றால் ஒரேயடியாக மறுத்துவிடுங்கள். ஓட்டின் உட்புறச் சவ்வை உரித்து, கழுவிக் காயவைத்து இடிப்பதை மட்டும் வேண்டுமானால் வீட்டில் செய்யட்டும்.