ஷட்டர் இறங்கிய பிறகு

கேள்வி: எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் இரண்டு வருஷமாக சேல்ஸில் இருக்கிறேன். போன மாதம் லீவு நாளில் நானும் என் தங்கையும், கடையில் சட்டைப் பிரிவில் இருக்கும் ஒரு பையனும் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்த வழியாகப் போன சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். மறுநாள் மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டு, "ஆம்பளை பொம்பளை ஸ்டாஃப் வெளியில பழகக்கூடாதுன்னு ரூல் இருக்கு, தெரியாதா?" என்று திட்டி, வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அந்தப் பையனை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். இன்னொரு முறை பார்த்தால் எனக்கு வேலை இல்லையாம். இப்படி ரூல் போட முடியுமா சார்?
— பெயர் வேண்டாம், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: ரூல் என்று எதை வேண்டுமானாலும் எழுதிச் சுவரில் ஒட்டலாம் அம்மா. செல்லுமா என்று பார்க்கவேண்டும். உங்கள் கடைக்குப் பொருந்துவது 1947-ம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதில் 41-வது பிரிவை யாராவது வக்கீலிடம் கேட்டு ஒருமுறை படித்துவிடுங்கள். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்தக்கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ் தரவேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாதச் சம்பளம். ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸே இல்லாமல் அனுப்புவதென்றால், முறையாக விசாரணை வைத்து சாட்சியத்தைப் பதிவு செய்திருக்கவேண்டும். ரூம் கதவைச் சாத்திக்கொண்டு திட்டியது விசாரணையில் சேராது. மீறி நிறுத்தினால் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கெடு உண்டு, அதனால் "பார்க்கலாம், கூப்பிடுவாங்க" என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

லீவு நாளில் அத்தோ சாப்பிட்டது ஒழுங்கீனமா? 1983-ல் கிளாக்ஸோ கம்பெனி வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே தொழிலாளர்கள் மேல் இருந்த புகார் இதைவிடப் பல மடங்கு பெரியது, வெளியே வைத்துத் தகராறு செய்தார்கள் என்பது. ஆலை வளாகத்திலோ அதை ஒட்டியோ நடந்தால்தான் குற்றம் என்று நிலையாணையில், அதாவது கம்பெனியின் வேலை விதிகளில், எழுதியிருக்கும்போது, வேறெங்கோ நடந்ததற்கு அதை இழுத்து நீட்டக்கூடாது என்றது கோர்ட். அதற்காக வெளியில் எது செய்தாலும் முதலாளி வாய் திறக்கக்கூடாது என்றும் நினைக்கவேண்டாம். ஷிப்ட் போட்ட விஷயமாக சூப்பர்வைசரை டீக்கடையில் மடக்கி அடித்தால், அந்தச் சண்டைக்கு வேர் கடைக்குள்தான் இருக்கிறது, நடவடிக்கை வரும். உங்கள் தட்டில் இருந்த நூடுல்ஸுக்கும் கடைக்கும் அப்படி ஒரு தொடர்பும் இல்லை.

எனக்கு உறுத்துவது அந்த வெள்ளைத்தாள். ராயபுரத்தில் சங்க ஆபீஸ் ஒன்றில் பல காலம் ஃபைல் கட்டியவன் நான். இப்படி வாங்கிய தாள்களைப் பிறகு பார்த்திருக்கிறேன். கையெழுத்து தாளின் அடியில் தனியாகக் கிடக்கும். மேலே "சொந்தக் காரணங்களால் விலகிக்கொள்கிறேன், பாக்கி எதுவும் இல்லை" என்று நெருக்கி நெருக்கி டைப் அடித்திருப்பார்கள், கையெழுத்தை இடிக்காமல் இருப்பதற்காக. கடைசி வரி மட்டும் மூச்சு முட்டி நிற்கும். அதனால் இன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் முன்னால் எழுதப்படாத தாளில் கையெழுத்து வாங்கினார்கள், அதை எதற்கும் பயன்படுத்த உங்களுக்குச் சம்மதம் இல்லை, அவ்வளவு போதும். கடை முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டு, ரசீதையும் கடித நகலையும் வீட்டில் வையுங்கள். கடை பீரோவில் வேண்டாம். வக்கீல் வைக்கக் காசு இல்லையே என்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், இலவச சட்ட உதவிக்கான எண் அது. பெண்கள் வருமானம் பார்க்காமல் அந்த உதவியைக் கேட்கலாம்.

அந்தப் பையனின் மாற்றலை எதிர்ப்பது கஷ்டம், அதையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கிளைக்கும் மாற்றலாம் என்று வேலை உத்தரவில் ஒரு வரி இருந்தால் முதலாளி அதற்குள் ஒளிந்துகொள்வார். அப்புறம், இந்த ரூலைப் பெண் பிள்ளைகளின் மானத்தைக் காப்பாற்றப் போட்டதாகச் சொல்வார்கள். நான் நம்பவில்லை. பழகுகிற இரண்டு பேர் அத்தோ சாப்பிடும்போது சம்பளக் கணக்கையும் பேசுவார்கள். சட்டைப் பிரிவில் எவ்வளவு, புடவைப் பிரிவில் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். பயம் அங்கேதான்.

கேள்வி: மணலியில் கன்டெய்னர் யார்டில் வேலை. ஷிப்ட் முடிந்து கேரம் ஆடுகிற நண்பர்கள் ஒரு வாட்ஸாப் குரூப் வைத்திருக்கிறோம். ஹெச்.ஆர். தன்னையும் அதில் சேர்க்கச் சொல்கிறார், இல்லாவிட்டால் குரூப்பைக் கலைக்கவேண்டுமாம்.
— ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: அவருக்கு ஸ்ட்ரைக்கர் பிடிக்கத் தெரியுமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள் தம்பி! சும்மா சொன்னேன். உங்கள் போன், உங்கள் நேரம், உங்கள் கேரம். சேர்க்கவேண்டிய கட்டாயம் இல்லை. கம்பெனி பேப்பரைப் படம் எடுத்துப் போடுவது, வாடிக்கையாளரின் கன்டெய்னர் விவரத்தைப் பரப்புவது, கூட வேலை பார்க்கும் பெண்களைப் பற்றிக் கண்டபடி எழுதுவது, இந்த மூன்றும் மட்டும் அங்கே வேண்டாம். மாட்டினால் கேரம் குரூப் என்று சொல்லித் தப்ப முடியாது.

ஊழியர்கள் வெளியே கூடினால் மேலிடத்துக்கு வயிறு கலங்குவது நம் பக்கத்தில் பழைய கதை. 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் உருவானது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணை நின்றார். ஆலைக்கு வெளியே கூடிப் பேசியதில்தான் அது தொடங்கியது. இரண்டு வருஷத்தில், ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார் என்று அந்த ஆலைகளை நடத்திய பின்னி நிர்வாகம் வாடியா மேல் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையுத்தரவும் வாங்கியது. சங்கம் நடத்துபவரைச் சிவில் வழக்கில் முடக்கிவிடலாம் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம். அந்தச் சட்டம் இப்போது புதிய தொழிலுறவுத் தொகுப்புக்குள் போய்விட்டது, சங்கம் வைக்கும் உரிமை போகவில்லை. கேரம் குரூப் சங்கமாக மாறினாலும் ஹெச்.ஆர். ஒன்றும் செய்ய முடியாது. இதை அவரிடம் நீங்களாகப் போய்ச் சொல்லவேண்டாம்.

கேள்வி: மிண்ட் அருகே ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். கடைப்பையன் தினமும் ராத்திரி டாஸ்மாக். கண்டித்தால் "அது என் சொந்த விஷயம்" என்கிறான். நிறுத்தலாமா?
— கடைக்காரர், ஏழுகிணறு

பதில்: ராத்திரி அவனுடையது, காலை ஒன்பது மணி உங்களுடையது. வாடையோடு வந்தால், கல்லாவில் கை நடுங்கினால், ஏணியில் ஏறித் தடுமாறினால், தேதி போட்டு எழுத்தில் எச்சரிக்கை கொடுங்கள். அன்றைக்கு வேலைக்கு விடாமல் திருப்பி அனுப்புங்கள். தெளிவாக வந்து ஒழுங்காக வேலை செய்கிறான் என்றால், நேற்று எங்கே இருந்தான் என்று விசாரிக்க உங்களுக்கு இடமில்லை. சம்பளத்தை அவன் அம்மாவிடம் கொடுக்கப்போகிறேன் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனசு, ஆனால் அவன் சம்மதம் இல்லாமல் செய்யாதீர்கள். அவனுடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்திருந்தால் அதையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: அரசு அலுவலக உதவியாளர் நான். லீவு நாளில் கட்சி மேடையில் பேசலாமா?
— வாசகர், வியாசர்பாடி

பதில்: கூடாது. உங்களுக்கு 1973-ம் வருஷத்து நடத்தை விதிகள் இருக்கின்றன. அரசியல், வரதட்சணை, இரண்டாம் கல்யாணம் வரை கேள்வி கேட்கும். ஆபீஸ் மூடினாலும் அது மூடாது.

கேள்வி: முதலாளி மகள் கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. கடை ஸ்டாஃப் எல்லோரும் மண்டபத்தில் பந்தி பரிமாறவேண்டும் என்று பெயர் போட்டு லிஸ்ட் ஒட்டிவிட்டார்கள். போகாவிட்டால் தீபாவளி போனஸில் கை வைப்பார்களோ?
— ஐந்து ஊழியர்கள், தண்டையார்பேட்டை

பதில்: பத்திரிகை வைத்துக் கூப்பிட்டால் விருந்தாளியாகப் போய் மொய் எழுதுங்கள். பெயர் போட்டு லிஸ்ட் ஒட்டினால் அது வேலை. வாராந்தர விடுமுறையும் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளமும் அதே 1947 சட்டத்தில் இருக்கின்றன. போனஸும் சட்டப்படி வருவது, பந்தியில் நிற்பதற்கான பரிசு இல்லை. ஐந்து பேரும் சேர்ந்தே போய், மரியாதையாக, "அண்ணாச்சி, மாற்று லீவு என்னைக்கு?" என்று கேளுங்கள். தனித்தனியாகப் போனால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். அப்புறம், போவதென்று முடிவானால் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். பரிமாறுகிறவர்களுக்குக் கடைசியில் ரசம்தான் மிஞ்சும்.