தயிர் ஊத்தினதும் கிரேவி திரிஞ்சு போச்சே!

கேள்வி: அக்கா, ஞாயித்துக்கிழமை விருந்தாளிங்க வந்திருந்தாங்கன்னு சப்பாத்திக்கு பன்னீர் கிரேவி வச்சேன். வெங்காயம் தக்காளி நல்லா வதங்கி எண்ணெய் பிரிஞ்சு வந்துச்சு, அப்புறம் ஃப்ரிட்ஜ்ல இருந்த தயிரை ஒரு கப் எடுத்து ஊத்தி மூடி வச்சேன், திறந்து பாத்தா வெள்ளை வெள்ளையா திப்பி நிக்குது, தண்ணி தனியா ஓடுது. பாக்கெட் பால்ல ஏதோ கலப்படம்னு எங்க அத்தை சொல்றாங்க. நிஜமா? அதை சாப்பிடலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: தாராளமா சாப்பிடலாம்மா, கெட்டுப்போகல. இதை வச்சு கலப்படம்னும் சொல்ல முடியாது, சுத்தமான வீட்டுத் தயிரும் இப்படித்தான் திரியும். தயிர்ல இருக்கிற கேசின்ங்கிற புரதம் ஏற்கனவே புளிப்பால உறைஞ்சு நிக்குது, அதுக்கு மேல சூடு ஏறினா அது சுருங்கி கட்டியாகி உள்ள இருக்கிற தண்ணியை வெளிய தள்ளிடும். உங்க கிரேவில தக்காளி புளிப்பு வேற, ஜில்லுனு இருந்த தயிர் நேரா கொதியில விழுந்தது வேற. கொழுப்பு கம்மியா இருந்தாலும் சீக்கிரம் திரியும், அதனால 3 சதவீத கொழுப்பு இருக்கிற டோன்டு பால்ல உறை ஊத்தினதை விட 6 சதவீத ஃபுல் கிரீம் பால் தயிர் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

நம்ம மோர்க்குழம்பை யோசிச்சு பாருங்க, அதுல முழுக்க முழுக்க தயிர்தான், ஆனா திரியறதில்ல. ஏன்னா ஊறவச்ச துவரம்பருப்பு, அரிசியை தேங்காயோட அரைச்சு கலக்குறோம், அந்த மாவுச்சத்து புரதம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காம தடுக்குது, அதோட நுரை கூடி வர்றப்பவே இறக்கிடுறோம், கொதிக்கவே விடுறதில்ல. கிரேவிக்கும் அதே கணக்குதான். தயிரை முன்னாடியே வெளிய எடுத்து வச்சு, கப்புக்கு ஒரு டீஸ்பூன் கடலை மாவு போட்டு கட்டியில்லாம அடிச்சுக்கோங்க, கிரேவியிலிருந்து ரெண்டு கரண்டி எடுத்து அந்த தயிர்ல கலந்து அதை லேசா சூடாக்குங்க, அப்புறம் அடுப்பை சிம்ல வச்சு கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக்கிட்டே கை விடாம கிண்டுங்க. இந்த கிண்டுறதை மட்டும் விட்டுடாதீங்க, மூடியும் போடாதீங்க.

திரிஞ்சதை சரி பண்ணணும்னா பன்னீரை தனியா எடுத்துட்டு கிரேவியை நல்லா ஆறவிட்டு பத்து ஊறவச்ச முந்திரியோட மிக்ஸில அடிச்சுட்டு சிம்ல சூடு பண்ணுங்க, பாதிக்கு மேல சரியாயிடும். தயவு செஞ்சு சூடா மிக்ஸில போடாதீங்க, ஆவி மூடியைத் தள்ளி கை முகமெல்லாம் தெறிச்சுடும்.

கேள்வி: சொதி வச்சா தேங்காய்ப்பால் திரியுது, என்ன பண்றது? (வாசகர், மதுரை)

பதில்: கெட்டியான முதல் பாலை கொதிக்க விட்டிருப்பீங்க. திருநெல்வேலி பக்கம் மறுவீட்டு விருந்துக்கு சொதி வைக்கிறவங்க, காயை ரெண்டாம் பால் மூணாம் பால்ல வேகவச்சு, பாசிப்பருப்பை வேகவச்சு மசிச்சு சேர்த்துட்டு, முதல் பாலை கடைசியா ஊத்தி ஓரத்துல லேசா நுரைக்கிறப்பவே அடுப்பை அணைச்சிடுவாங்க. எலுமிச்சை பிழியறதும் இறக்கின பிறகுதான், அடுப்புல இருக்கிறப்போ பிழிஞ்சா அப்பவும் திரியும்.