முகவருக்குக் கொடுக்கும் பவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போர்க்களத்தில் கணினியிடம் முடிவை விடக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். நான் ராணுவத்தில் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்தவன். கட்டளை அறையில் நாலா பக்கமிருந்தும் செய்திகள் வந்து கொட்டும். தூக்கம் கெட்டவன் முக்கியமானதைத் தவறவிடுவான். தகவலைப் படித்துத் தாமாகவே வேலை செய்யும் கணினி நிரல்களான மென்பொருள் முகவர்களுக்குத் தூக்கம் இல்லை. 1988இல் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் ஈரானியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 290 பேர் இறந்தார்களே, அன்று விமானம் மேலே ஏறுகிறது என்று கணினி சரியாகவே பதிவு செய்திருந்தது. தாக்க இறங்கி வருகிறது என்று நம்பியவர்கள் மனிதர்கள். பிறகு ஏன் அச்சம்?

ஓய்வுபெற்ற ராணுவத்தினர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

வின்சென்ஸ் பற்றி நீங்கள் சொல்வது சரி. என் கட்டுரையில் அது இல்லாதது பெரிய குறை. ராடார் தகவலை ஒரு முகவர் படிக்கட்டும், இன்னொன்று செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடட்டும், எந்தப் படைப்பிரிவுக்கு எத்தனை லாரி எரிபொருள் என்று மற்றொன்று கணக்குப் போடட்டும். 1991 வளைகுடாப் போரிலேயே தளவாடங்களை அனுப்பும் திட்டத்துக்கு டார்ட் என்ற மென்பொருள் உதவியது. இதிலெல்லாம் எனக்கு மறுப்பே கிடையாது.

என் கவலை பவர் பற்றியது. பவர், ஏஜெண்டு என்ற இரண்டு சொற்களையும் நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்பச்சியின் தகப்பனார், எங்கள் ஐயா, மலாயாவின் ஈப்போவில் ஒரு லேவாதேவிக் கடைக்கு ஏஜெண்டு. மூன்று வருடக் கணக்கு, அதாவது மூன்று வருடப் பணிக்காலம். தன் சார்பில் செயல்பட அதிகாரம் தந்து முதலாளி எழுதிக் கொடுத்த பவர் பத்திரம் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் மரப்பெட்டிக்குள் இன்னும் இருக்கிறது. மடிப்புகள் இற்றுப்போய், யாரோ பின்பக்கம் மல் துணி ஒட்டியிருக்கிறார்கள். ரப்பர் விலை விழுந்த சமயத்தில், கடன்பட்ட தோட்டக்காரர் ஒருவர் மேல் உடனே வழக்குப் போடச் சொல்லி ஊரிலிருந்து கடிதம் போனது. ஐயா போடவில்லை. தோட்டத்துக்கு நேரில் போய், பால் வெட்டாமல் நின்ற மரங்களையும் அந்த வீட்டு அடுப்பையும் பார்த்துவிட்டு ஆறு மாதத் தவணை கொடுத்தார். கணக்கு முடித்து ஊர் திரும்பியபோது கடையின் இருப்புக் கணக்கான ஐந்தொகையில் அந்தத் தொகை நிலுவையாகவே நின்றது. வீட்டு முன்கூடமான பட்டாலையில் முதலாளி முன் நின்று, "நான்தான் நிறுத்தினேன்" என்றாராம். அடுத்த கணக்குக்கு அவரை அனுப்பவில்லை.

உத்தரவுக்கும் செயலுக்கும் நடுவே ஒருவர் நேரில் போய்ப் பார்த்தார், திரும்பி வந்து பதிலும் சொன்னார். மென்பொருள் முகவரை எந்தப் பட்டாலையில் நிறுத்துவது?

1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் எச்சரிக்கை அமைப்பு, அமெரிக்காவிலிருந்து ஐந்து ஏவுகணைகள் வருவதாகக் காட்டியது. பணியில் இருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் அதைத் தவறான எச்சரிக்கை என்றே மேலிடத்துக்குச் சொன்னார். அணு ஆயுதப் போர் தொடங்குகிறவன் ஐந்தே ஐந்தையா அனுப்புவான் என்பது அவர் எண்ணம். மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணையென்று எடுத்துக்கொண்டிருந்தது.

"கடைசி ஒப்புதல் மனிதனிடம்தானே" என்பார்கள். 2003 மார்ச் 23 அன்று ஈராக் போரில், தளம் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டனின் டொர்னாடோ விமானத்தை அமெரிக்காவின் பேட்ரியாட் வான்பாதுகாப்பு ஏவுகணை வீழ்த்தியது. அதில் இருந்த இருவரும் இறந்தார்கள். அங்கேயும் மனிதர்கள் இருந்தார்கள். ஆனால் வருவது ஏவுகணை என்று திரை ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டது. அதை மறுக்க அவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தை நான் ஒப்புதல் என்று ஏற்க மாட்டேன். பாய்ந்து வரும் ஏவுகணையைத் தடுக்க அவகாசம் இருக்காது என்பது எனக்கும் தெரியும். அதனாலேயே, ஒரு முகவர் சொன்னதை இன்னொரு முகவர் ஐயப்பட்டதா, எந்தத் தகவல் வந்து சேரவில்லை என்பதெல்லாம் அந்தத் திரையில் தெரிந்தாக வேண்டும். பவர் கொடுத்த அதிகாரியின் பெயர் பதிவில் இருக்க வேண்டும்.

நீங்கள் அந்த அறையில் உட்கார்ந்தவர். வந்த செய்தியை நம்பாமல், மறுபடி உறுதி செய்யச் சொல்லித் திருப்பியனுப்பிய இரவுகள் உங்களுக்கு இருந்திருக்கும். அப்போது கையில் எவ்வளவு நேரம் இருந்தது? சொல்லக்கூடியதை மட்டும் எழுதுங்கள்.