பற்றும் குட்டி, ஏந்தும் தாய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அழகர்கோவில் போயிருந்தோம். பழமுதிர்சோலைக்கு ஏறும் வழியில் ஒரு குரங்கு, பச்சைக் குட்டியை வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு மரத்துக்கு மரம் தாவியது. குட்டியைக் கையால் தொடக்கூட இல்லை. வீட்டில் பேரன் பிறந்து இருபது நாள், தலை நிற்கவில்லை. மனுசப் பிள்ளைதான் விளையாமல் பிறந்துவிடுகிறதா? நமக்கு நெருங்கிய சொந்தம் என்கிற சிம்பன்சி, கொரில்லாவின் குட்டிகள் எப்படி? இன்னொன்று, பேரன் சாயங்காலமானால் அழுதுகொண்டே இருக்கிறான். உரம் விழுந்திருக்கிறது, அதாவது சுளுக்குப் பிடித்திருக்கிறது, சேலையில் போட்டு உருட்டி எடுக்க வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. எடுக்கலாமா?

— ஒரு பாட்டி, மேலூர்

அன்புள்ள அம்மா,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: எடுக்கவே வேண்டாம். ஏனென்று கீழே சொல்கிறேன்.

நீங்கள் பார்த்தது வாலுள்ள நாட்டுக் குரங்கு. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்உட்டான் மூன்றும் வாலில்லாக் குரங்குகள், வேறு கிளை. வைணவத்தில் மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இரண்டு சொல்வார்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டி சும்மா கிடக்க, தாய் கவ்விப் போகும். அழகர்கோவிலில் நீங்கள் பார்த்தது அசல் மர்க்கட நியாயம். ஆனால் சிம்பன்சிக் குட்டி முழுக்க அந்தப் பக்கம் இல்லை. அதற்கும் பிடி உண்டு, பிடிக்கத் தாயின் மயிரும் உண்டு. என்றாலும் முதல் சில வாரங்களுக்கு அந்தப் பிடி போதாது. தாய் நடக்கும்போது ஒரு கையால் அணைத்துக்கொள்கிறாள், உட்காரும்போது தொடையை மடக்கித் தாங்குகிறாள். ஐந்தாறு மாதத்தில்தான் குட்டி முதுகேறிச் சவாரி செய்கிறது. பால்குடி நான்கைந்து வருடம். ஒராங்உட்டானுக்கு ஆறேழு வருடத்துக்கும் மேல். நம் சொந்தக்காரர்களின் பிள்ளைகளும் கையில் ஏந்தி வளர்க்கப்படுபவைதான். நம் பிள்ளை அதே வழியில் இன்னும் சற்றுத் தூரம் போயிருக்கிறது.

எவ்வளவு தூரம் என்பதை மூளையில் பார்க்கலாம். நாட்டுக் குரங்கின் இனத்தில், பிறக்கும்போதே மூளை முழு அளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வந்துவிடுகிறது. சிம்பன்சிக்கு அது சுமார் 40 சதவீதம். மனிதக் குழந்தைக்கு 30 சதவீதத்துக்கும் கீழ்: பிறக்கும்போது சுமார் 350 கிராம், வளர்ந்தபின் 1,300 கிராமுக்கு மேல். மிச்ச வளர்ச்சி வெளியே வந்துதான் நடக்கிறது. உச்சிக்குழி ஒன்றரை வயதுவரை மூடாமல் இருப்பதும் அதற்குத்தான்.

இதைப் பார்த்துத்தான் சுவிட்சர்லாந்து விலங்கியலாளர் அடால்ஃப் போர்ட்மன், மனிதக் குழந்தை ஏறத்தாழ ஒரு வருடம் முந்திப் பிறக்கிறது என்று 1940களில் சொன்னார். பாதி சரி. நம் கர்ப்பகாலம் குறைந்ததல்ல. சிம்பன்சிக்கு எட்டு மாதம், கொரில்லாவுக்கு எட்டரை, நமக்கு ஒன்பதைத் தாண்டுகிறது. குழந்தையும் சிறியதல்ல. எண்பது கிலோ கொரில்லா இரண்டு கிலோ குட்டி ஈனுகிறது. ஐம்பது கிலோ பெண் மூன்று கிலோ பிள்ளை பெறுகிறாள். இடுப்பெலும்பின் வழி இதற்குமேல் விடாது என்பது பழைய விளக்கம். மாதம் நிறைந்த தாயின் உடல் ஓய்வில் செலவிடுவதைப்போல இரு மடங்கு சக்தியை எரிக்கிறது, அதற்குமேல் தாங்காது என்பது 2012இல் முன்வைக்கப்பட்ட விளக்கம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. எப்படியும் உங்கள் பேரன் விளையாமல் பிறக்கவில்லை. கண் திறந்து பிறந்தான், தாயின் குரலும் வாசமும் அவனுக்குத் தெரியும், உடம்பில் எட்டில் ஒரு பங்காவது கொழுப்பு இருக்கிறது. அந்தக் கொழுப்பு குரங்குக் குட்டிக்குக் கிடையாது.

பிடி மட்டும் அவனிடம் எச்சமாக நிற்கிறது. உள்ளங்கையில் உங்கள் விரலை வையுங்கள், இறுக்கிப் பிடிப்பான். பாதத்தில் வைத்தால் கால்விரல்கள் மடங்கும். தலை சற்றுப் பின்னால் சரிந்தால் இரு கையையும் விரித்து, பிறகு கட்டிப்பிடிப்பதுபோல் சேர்ப்பான். பிடிக்கத்தான் அம்மாவிடம் மயிர் இல்லை. கைப்பிடி ஐந்தாறு மாதத்தில் மறையும். அதற்குள் மூளையிலிருந்து தசைக்குப் போகும் நரம்புகள் மேலிருந்து கீழாக முதிரும்: முதலில் கழுத்து, பிறகு முதுகு, கடைசியில் கால். மூன்று நான்கு மாதத்தில் தலை நிற்கும். பிள்ளைத்தமிழில் பிள்ளை தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரைப் பருவத்தை ஐந்தாம் மாதத்தில் வைத்தவர்கள் பிள்ளைகளை நன்றாகப் பார்த்தவர்கள்.

இப்போது உரம். பிள்ளையின் தலை உடம்பு நீளத்தில் நான்கில் ஒரு பங்கு, கழுத்தோ தாங்காது. உள்ளே மூளை இளகலாக, நீர் அதிகமாக இருக்கிறது. சேலையில் போட்டு உருட்டினாலும், காலைப் பிடித்துத் தலைகீழாக உதறினாலும் மூளை மண்டையோட்டுக்குள் முன்னும் பின்னும் அலைகிறது. மூளையின் மேற்பரப்பையும் மண்டையோட்டின் உள்ளுறையையும் இணைக்கும் மெல்லிய சிரைகள் அறுந்து ரத்தம் கசியலாம். சில பிள்ளைகள் அதன்பின் அழுகையை நிறுத்துவதும் உண்டு. அது சுகமானதால் அல்ல, சோர்ந்துபோனதால் இருக்கலாம். அதை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இந்த வயதில் சாயங்கால அழுகை சகஜம். ஆறாவது வாரம்வரை கூடி, மூன்று நான்கு மாதத்தில் தணியும். பால் குடித்ததும் தோளில் சாய்த்து, பிடரிக்குக் கை கொடுத்து, ஏப்பம் வரும்வரை முதுகை மெல்லத் தட்டுங்கள். பிள்ளையின் தாயைச் சாய்ந்து உட்காரச் சொல்லி, சட்டையில்லாமல் பிள்ளையை அவள் நெஞ்சில் நிமிர்த்திப் படுக்கவைத்து, மேலே சேலையைப் போர்த்துங்கள். மூக்கு வாய் மறையாமல், கழுத்து மடங்காமல் இருக்கட்டும். கால்மேல் போட்டுக் குளிப்பாட்டும்போதும் பிடரியைத் தாங்கும் கையை எடுக்காதீர்கள். மூக்கில் ஊதவோ காதில் எண்ணெய் விடவோ வேண்டாம்.

100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, உச்சிக்குழி புடைத்தோ குழிந்தோ இருப்பது, பச்சையாக வாந்தி, எழுப்பியும் விழிக்காமல் கிடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.