கட்டமைப்பு என்றால் என்ன, அந்தச் சொல் எப்படி வந்தது?

பல பகுதிகளை ஓர் ஒழுங்கில் பொருத்தி, ஒன்றுக்கொன்று பிடிமானமாக நிற்கும்படி செய்திருந்தால் அது கட்டமைப்பு. பாலத்துக்கும் உண்டு, ஒரு வாக்கியத்துக்கும் உண்டு.

பிரித்தால் கட்டு + அமைப்பு. பட்டு + ஆடை பட்டாடை ஆகிறதே, அதே மாதிரி 'கட்டு' என்பதன் கடைசி உகரம் உதிர்ந்துவிடுகிறது. 'கட்டு' என்றதும் செங்கல், சிமெண்ட்தான் ஞாபகம் வரும். ஆனால் பூ கட்டுகிறோம், வேட்டி கட்டுகிறோம், மாட்டைக் கட்டுகிறோம். எல்லாவற்றிலும் பிணைப்பதுதான் விஷயம். 'அமை' என்றால் பொருந்துவது, நிலைகொள்வது.

சென்னையில் மீனவர்கள் வாழும் காசிமேட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கட்டுமரம் என்று சொன்னாலே போதும். (இங்கிலீஷ்காரர்கள் 'கேட்டமரான்' என்று எடுத்துக்கொண்டது இந்தச் சொல்லைத்தான்.) எடை குறைந்த சில மரங்கள், நடுவில் இருப்பது கொஞ்சம் தாழ்ந்து, ஓரத்தில் இருப்பவை உயர்ந்து, கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கும். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள். மரம் அதேதான், ஒரு துண்டு குறையவில்லை. ஆனால் அதில் ஏறிக் கடலுக்குப் போக முடியாது. காணாமல் போனது கட்டமைப்பு மட்டும்தான். இப்போது பெரும்பாலும் பைபர் படகு என்பதால், இன்றைய பிள்ளைகள் இதைப் பார்த்திருப்பார்களா என்பதே சந்தேகம்.

அப்புறம், இதைக் கட்டம் + அமைப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். கட்டம் போட்ட நோட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அப்படி இருந்தால், மரம் + அடி மரவடி ஆவதுபோல, 'கட்டவமைப்பு' என்றுதான் வந்திருக்கும்.