நியூயார்க்கில் மெக்சிகன் சாப்பாடு சரியில்லை என்பது உண்மையா?

லாஸ் ஏஞ்சலஸில் சாப்பிட்டுப் பழகியவர்கள் நெடுங்காலமாகச் சொல்லும் குறை இது. பாதி உண்மை.

வித்தியாசம் டார்ட்டியாவில் தொடங்குகிறது. மக்காச்சோள மாவில் தட்டிக் கல்லில் சுடும் மெல்லிய ரொட்டி அது; உள்ளே இறைச்சியோ காய்கறியோ வைத்து மடித்தால் டாக்கோ. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் போகக் கழுவி, ஈரமாகவே அரைக்க வேண்டும். அப்போதுதான் மாவு சேர்ந்து வரும், அந்த மணமும் வரும். பாக்கெட் டார்ட்டியாவைச் சூடாக்கித் தந்தால் ரெடிமிக்ஸ் தோசை மாதிரிதான்: பசி அடங்கும், ருசி இருக்காது.

அடுத்தது மக்கள். கலிபோர்னியா 1848 வரை மெக்சிகோவின் பகுதி, எல்லையும் பக்கம். நியூயார்க்கில் மெக்சிகர்கள் பெருகியது 1980களுக்குப் பிறகு, அதிலும் பலர் புயெப்லா மாநிலத்தவர். அதனால் குயின்ஸின் ரூஸ்வெல்ட் அவென்யூவிலும் புரூக்ளினின் சன்செட் பார்க்கிலும் அவர்கள் ஊர் செமிதா கேட்டுச் சாப்பிடுங்கள்: எள் தூவிய பன்னுக்குள் பொரித்த இறைச்சி, நார்நாராகப் பிரியும் சீஸ், அவகாடோ, நெடியடிக்கும் பாபலோ கீரை. இதை கலிபோர்னியா டாக்கோவோடு ஒப்பிட்டு மட்டம் தட்டுவது நியாயமே இல்லை.

டப்பாவில் வரும் மொறுமொறு டாக்கோ ஓடுகளும் மஞ்சள் சீஸ் துருவலும்தான் அசல் மெக்சிகன் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பாணி அமெரிக்காவில் வளர்ந்தது.